கிருத்திகைக்குத் தள்ளிப்போட்ட நாட்கள்

2002ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது. வானம் மூடியிருந்தது. மழை இல்லை, காற்றும் இல்லை. சட்டைக்குள் வியர்வை முதுகு வழியே இறங்குவது தெரிந்தது. அரக்கோணம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கத்தில் ஒரு பெண் டாக்டரின் கிளினிக். பதினேழாம் எண் டோக்கனோடு நானும் என் மனைவியும் உள்ளே போனோம். என் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. மொத்தம் தொண்ணூற்றாறு பக்கம், எழுதியிருந்தது எண்பத்தொன்று. அதை டாக்டரிடம் நீட்டியபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது என்பதை இப்போது ஒளிப்பதில் பயனில்லை.

அப்போது எனக்கு ஐம்பத்தேழு வயது. ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதுகிற வேலை. வேகன்களை எண்ணி எண்ணி, எண்ணாமல் இருக்க முடியாத ஆளாக ஆகிவிட்டிருந்தேன். வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். பஸ்ஸில் ஏறினால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்ப்பேன். என் மனைவி எட்டு மாதமாகச் சரியில்லை என்றால், எட்டு மாதமும் அவள் எத்தனை இட்லி சாப்பிட்டாள், எத்தனை மணி நேரம் தூங்கினாள், எத்தனை முறை கொல்லைக்குப் போனாள் என்று எழுதி வைப்பதுதானே ஒழுங்கு? அப்படித்தான் நினைத்தேன். நோட்டின் கடைசிப் பத்துப் பக்கம் அது. அதற்கு முன்னால் இருந்த எழுபத்தொரு பக்கமும் வேறு விஷயம். டாக்டர் முதல் பக்கத்திலிருந்து படித்தார்.

ஏழெட்டு நிமிடம் அவர் தலை நிமிரவில்லை. பிறகு ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தாங்க."

"இந்த மாத்திரையை எழுதிக் கொடுத்த டாக்டர் யாரு?"

"டாக்டர்னு யாரும் இல்லீங்க. நானே வாங்கினு வந்து குடுப்பேன்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அப்ப ஒன்பது வருஷமா இவங்களுக்கு வைத்தியம் பண்ணது நீங்கதான்," என்றார். குரல் உயரவில்லை. ரசீதில் கையெழுத்துப் போடச் சொல்வதுபோலச் சொன்னார்.

வைத்தியம் என்ற சொல் என்மேல் வந்து விழும் என்று நான் நினைத்ததே இல்லை. அந்த மாத்திரையை நான் மருந்தாகவே எண்ணியதில்லை. அது எங்கள் வீட்டில் நாள் பார்ப்பதன் ஒரு பகுதி.

எங்கள் குடும்பம் திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறையாகச் சமைக்கிற குடும்பம். அண்ணன் அந்த வேலைக்குப் போனார், நான் படித்துவிட்டு ரயில்வேக்குப் போனேன். ஆனால் ஒரு கடமை மட்டும் வேலையைப் பார்க்காமல் வீட்டைப் பார்த்து வந்து ஒட்டிக்கொண்டது. நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து காவடி எடுத்து வருகிற சில குடும்பங்கள் என் தாத்தா காலம் முதல் எங்கள் வீட்டில்தான் இறங்குவார்கள். மலை ஏறி, காவடி செலுத்தி, கீழே வந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் விரதம் முடிப்பார்கள். மாதக் கிருத்திகைக்கு முப்பதிலிருந்து ஐம்பது இலை. ஆடிக் கிருத்திகைக்கு இருநூறு தாண்டும். இது தவிர மாசியிலும் சித்திரையிலும் பிரம்மோற்சவம், பத்துப் பத்து நாள்.

விரதச் சாப்பாடு என்பதால் சமைப்பவள் சுத்தமாக இருக்க வேண்டும். குளித்த ஈரத்தோடு அடுப்புக்கு வர வேண்டும். வயிறு கலங்கியிருந்தால் கை வைக்கக்கூடாது. மாதத்தில் வீட்டுக்குத் தூரமாக இருக்கும் மூன்று நாளும் சமையலறைப் பக்கமே வரக்கூடாது, பின்கட்டு அறையில் தனியாக இருக்க வேண்டும். அண்ணியும் என் மனைவியும் சேர்ந்து சமைத்த காலத்தில் இது பெரிய சிக்கலாக இல்லை. ஒருத்தி தூரமானால் இன்னொருத்தி பார்த்துக்கொள்வாள். 1993இல் அண்ணிக்கு இளைப்பு நோய் முற்றியது. விறகுப் புகைக்கு முன்னால் ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை. மிச்சம் இருந்தது என் மனைவி ஒருத்திதான். அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு.

அவள் என் தாய்மாமன் மகள், நகரிக்காரி. தெலுங்கு வழக்கப்படி அத்தை மகனான என்னைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணத்துக்குப் பிறகும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. அந்த ஆண்டு ஆடிக் கிருத்திகைக்கு இருபது நாள் இருக்கும்போதே நான் காலண்டரை வைத்துக்கொண்டு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். அவளுக்கு இருபத்தெட்டு நாளைக்கு ஒருமுறை. எப்படிக் கூட்டினாலும் ஆடிக் கிருத்திகை இரண்டாம் நாளில் வந்து நின்றது. இருநூறு பேர். எனக்குத் தூக்கம் போயிற்று.

அரக்கோணத்தில் ஆபீசுக்கு எதிரே ஒரு மருந்துக்கடை இருந்தது. கடைக்காரரிடம் ஜாடையாகத்தான் கேட்டேன். அவர் சத்தமாகவே பதில் சொன்னார். "தள்ளிப்போடற மாத்திரைதானே சார்? திருப்பதி போறவங்க, சபரிமலைக்கு மாலை போடற வீட்டுக்காரங்க, எல்லாரும்தான் வாங்கறாங்க. ஒண்ணும் பண்ணாது." ஒரு நாளைக்கு மூன்று, தேதிக்கு மூன்று நாள் முன்பே ஆரம்பிக்க வேண்டும், நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும் என்றார். பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

ஆடிக் கிருத்திகை ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. இருநூற்றுப் பதினான்கு இலை. அண்ணன் என் தோளில் தட்டி, படிச்சவன் படிச்சவன்தான் என்றார். அந்தத் தட்டுக்கு நான் மயங்கிவிட்டேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது. மறுநாளே நோட்டுப் புத்தகம் வாங்கினேன்.

கிருத்திகை நட்சத்திரம் இருபத்தேழு நாளைக்கு ஒருமுறை வரும். அவளுடையது இருபத்தெட்டு. ஒரு நாள்தான் வித்தியாசம். ஆகவே ஒருமுறை மோதினால் அடுத்த இரண்டு மூன்று முறையும் மோதும். பிறகு விலகிப்போகும். நான் இதை ஒரு அட்டவணையாகப் போட்டேன். ஒரு பக்கம் நட்சத்திரம், மறுபக்கம் அவள். மோதுகிற இடத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி, அதற்கு மூன்று நாள் முன்னால் ஒரு பச்சைப் புள்ளி. பச்சைப் புள்ளி அன்று காலையில் காபி டம்ளருக்குப் பக்கத்தில் மாத்திரையை வைத்துவிட்டு ஆபீசுக்குப் போவேன். அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். ஒருமுறை மட்டும் கேட்டாள்.

"ரயில் டைம் டேபிள் மாதிரி போட்டுகினு இருக்கியே பாவா, நான் இன்னா பாசஞ்சரா எக்ஸ்பிரஸா?"

நானும் சிரித்தேன். நல்ல ஜோக் என்று ஆபீசில் சொல்லக்கூட நினைத்து, விஷயம் இன்னது என்பதால் சொல்லவில்லை.

முதல் ஆண்டு நான்கு முறை. அடுத்த ஆண்டு ஐந்து. பிறகு ஆறு, மறுபடி ஆறு. மாத்திரையை நிறுத்தினால் சில மாதம் எட்டு நாள், பத்து நாள் என்று இழுக்கும். சில மாதம் கணக்குக்கு முன்பே வந்துவிடும். என் அட்டவணை பொய்யாகிக்கொண்டே வந்தது. அட்டவணை பொய்யானால் என்னால் தாங்க முடியாது. எதற்கு வம்பு என்று, மோதினாலும் மோதாவிட்டாலும் முன்கூட்டியே கொடுக்க ஆரம்பித்தேன். அப்படி எட்டு, எட்டு, பத்து, பதினொன்று என்று ஏறி, கடைசி ஆண்டில் வந்த பதிமூன்று கிருத்திகைக்கும் பதிமூன்று முறை கொடுத்தேன்.

வயிற்றுக்கும் அதே வழிதான். கிருத்திகைக்கு முந்தைய நாள் அவள் லேசாக வயிறு கலங்குகிறது என்று சொன்னாலே போதும், அதே கடையில் அவர் கொடுக்கிற ஆன்டிபயாடிக் காப்ஸ்யூல் வாங்கி வந்துவிடுவேன். சாயங்காலம் நின்றுவிட்டால் மிச்சத்தை டப்பாவில் போட்டு அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்வேன். நோட்டில் அது முப்பத்தொன்பது இடத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் கொடுத்த சமயம் எத்தனை என்று தனியாக எண்ணியிருக்கிறேன். அதை இங்கே எழுத மனம் வரவில்லை.

2001 ஐப்பசியில் அவள் மாறியதை முதலில் நான் உடம்பாகத்தான் பார்த்தேன். சாப்பிட்டால் வயிறு கல்லுமாதிரி இருக்கிறது என்றாள். நான்கு நாள் போகாது, ஐந்தாம் நாள் ஆறு முறை போகும். கன்னம் வற்றியது. பூசணிக்காய் நறுக்கிக்கொண்டே அழுவாள். ஏன் என்று கேட்டால் தெரியவில்லை என்பாள். பம்பாயிலிருந்து மகன் போன் செய்தால் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் அவள் வயதைச் சொல்லி, நாற்பத்தாறு ஆகிறதல்லவா, நிற்கிற காலம், அப்படித்தான் இருக்கும் என்றார்கள். நானும் நிற்கிற காலம் என்று தலைப்புப் போட்டு எழுத ஆரம்பித்தேன்.

மார்கழியில் ஒருநாள் மத்தியானம், அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"பாவா, நான் இல்லன்னா கிருத்திகைக்கு யாரு சமைப்பாங்க?"

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். அண்ணிக்கு முடியாது, அண்ணன் மகளைப் பொதட்டூர்ப்பேட்டையில் கொடுத்திருக்கிறது, அவளை வரவழைக்கலாம், முதல்நாளே வந்துவிட வேண்டும், அந்த வழியில் பஸ் ஒரு மணிக்கு ஒன்று இருக்கிறது என்று விவரமாகப் பதில் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். ஆங் என்றாள். மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் விளங்கியது. ஒரு மத்தியானத்தில் குளித்துக்கொண்டிருக்கும்போது விளங்கியது. பாதிக் குளியலில் வெளியே வந்து அவள் எங்கே என்று தேடினேன்.

அதற்குச் சில நாள் முன்னால் வந்த வைகாசிக் கிருத்திகைதான் அதை விளங்க வைத்தது, ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. நாற்பத்தாறு பேர் மலையில் இருந்தார்கள். சாதம் உலையில் கொதித்துக்கொண்டிருந்தது. நான் வாழை இலை எண்ணிக்கொண்டிருந்தேன். சாதம் பொங்கி வழிந்து அடுப்பு அணைகிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால் அவள் இல்லை. பின்கட்டில் இல்லை, கிணற்றடியில் இல்லை. கிணற்றுக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். தெருவில் ஒரு பூக்காரி, உங்க வீட்டம்மா ஈரப் புடவையோட மலை ஏறினு போனாங்களே என்றாள்.

நூற்றுப் பன்னிரண்டாம் படியில் உட்கார்ந்திருந்தாள். வெயில் சுட்டது. காலில் ஒன்றும் இல்லை. காவடிக்காரர்கள் அவளைச் சுற்றி ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தார்கள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"மேல போறதா கீழ போறதா தெரியல. ரெண்டுக்கும் கால் வரமாட்டேங்குது."

ஒன்றே முக்கால் மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தோம். அன்று நாற்பத்தாறு பேருக்கும் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இருந்து சாப்பாடு வந்தது. அண்ணன் என்னோடு பேசவில்லை.

ஆகவே ஜூன் 18.

டாக்டர் என்னை விட்டுவிட்டு அவளிடம் திரும்பினார். மாத்திரை போட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டார். மாரு கனக்கும், தலை கனக்கும், யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வரும், பிறகு அழுகை வரும் என்றாள். ஆரம்பத்திலிருந்தேவா என்று கேட்டார். ஆரம்பத்திலிருந்தே என்றாள். ஒன்பது வருடத்தில் என்னிடம் ஒருமுறைகூட அவள் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. நோட்டில் அதற்குக் கட்டம் போடவில்லை.

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே அம்மா," என்றார் டாக்டர்.

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "பின்கட்டு அறைல அந்த மூணு நாளு படுத்துகினு இருப்பேன் டாக்டர். யாரும் கூப்பிட மாட்டாங்க. வாரப் பத்திரிகை படிப்பேன், தூங்குவேன். மாசத்துக்கு அதுதான் எனக்கு லீவு. அதையும் பாவா எடுத்துகினாரு."

நான் அவள் முகத்தைப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. அந்த மூன்று நாளை அவள் தண்டனையாக நினைக்கிறாள், மாத்திரை அவளுக்கு ஒரு விடுதலை என்று எங்கோ ஒரு மூலையில் நம்பியிருந்தேன். முப்பதாண்டு ரயில்வேயில் வேலை செய்தவன். எத்தனை நாள் ஈட்டிய விடுப்பு, எத்தனை நாள் அரைச் சம்பள விடுப்பு என்று எனக்கு மனப்பாடம். ஒருத்தியின் விடுப்பை நான் ஒன்பது ஆண்டாக ரத்து செய்துகொண்டிருந்தேன்.

டாக்டர் எல்லாப் பழியையும் மாத்திரைமேல் போடவில்லை. அதைச் சொல்ல வேண்டும். வயது ஒரு காரணம், உழைப்பு ஒரு காரணம், மனச்சோர்வு என்பது தனியாகவே ஒரு நோய், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். ஆனால் இவையெல்லாம் ஹார்மோன் மாத்திரைகள், சிலருக்கு மனதை அப்படியே கீழே இழுத்துவிடும், யாரும் பார்க்காமல் வருடக்கணக்காகக் கொடுக்கிற பொருள் இல்லை என்றார். பிறகு வயிற்றுக்கு வந்தார். குடலில் இருக்கிற கிருமிகள் எல்லாம் கெட்டவை அல்ல, பெரும்பாலானவை நமக்கு வேலை செய்பவை. உடம்பில் ஓடுகிற பெண் ஹார்மோன் ஈரல் வழியாகக் குடலுக்கு வருகிறது, அங்கே அந்தக் கிருமிகளின் கை பட்டு ஒரு பங்கு மறுபடி ரத்தத்துக்குப் போகிறது. மனதை நிதானமாக வைக்கிற சில பொருள்கள்கூடக் குடலில் நிறைய உண்டாகின்றன. மூளைக்கும் வயிற்றுக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறது, அது எப்படி நடக்கிறது என்று இன்னும் முழுதாகத் தெரியாது என்றார். நீங்கள் ஒரு பக்கம் ஹார்மோனை ஏற்றி இறக்கி, இன்னொரு பக்கம் அந்தக் கிருமிகளை அரைகுறையாகக் கொன்றுகொண்டே இருந்திருக்கிறீர்கள் என்றார்.

என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "எத்தனை கிருமி இருக்குங்க?" என்று கேட்டேன்.

"யாரும் எண்ணி முடிக்கல. கோடி கோடி. அதையும் நோட்ல எழுதப் போறீங்களா?"

என் மனைவி சிரித்தாள். சிரிப்பு என்று சொல்ல முடியாது, மூக்கு வழியாக ஒரு காற்று. எட்டு மாதத்தில் அதுதான் முதல் முறை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து கூட்டினேன். எழுபத்தொரு முறை. ஆயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு மாத்திரைகள். மனதுக்குள் கூட்டினேன், விரல் விட்டுக் கூட்டினேன், பேனாவால் கூட்டினேன். மூன்று தடவையும் அதேதான் வந்தது. உலகத்தில் இருக்கும் எல்லாவற்றையும் எண்ணினேன் என்று நினைத்திருந்தவன் இந்த ஒரு கூட்டலை ஒன்பது ஆண்டில் போட்டுப் பார்த்ததில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் அந்தந்தத் தடவைக்கு எத்தனை என்று மட்டும் எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். கீழே தொகை கொண்டுபோகவே இல்லை. சரக்குக் கணக்கில் அப்படி ஒரு குமாஸ்தா செய்திருந்தால் நானே மெமோ எழுதியிருப்பேன்.

அன்றோடு தள்ளிப்போடுகிற மாத்திரை நின்றது. டாக்டர் மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை எழுதினார். மாதம் ஒருமுறை ஒரு மனநல டாக்டரிடமும் அனுப்பினார். சாப்பாட்டில் பழைய சோறு, மோர், கீரை, சுண்டல் சேர்க்கச் சொன்னார். இது மருந்து இல்லை, சாப்பிட்டுப் பாருங்கள் என்றுதான் சொன்னார். விரதச் சுத்தம் என்று எங்கள் வீட்டில் பழைய சோறு ஏறியே பத்தாண்டு ஆகியிருந்தது. எனக்குச் சந்தேகம். ஆனால் அவள் முதல் நாள் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு அதைச் சாப்பிட்டதைப் பார்த்தபோது சந்தேகத்தை விட்டுவிட்டேன்.

உடனே சரியாகிவிடவில்லை. ஆவணியில் இன்னும் மோசமானாள். புரட்டாசியில் இரண்டு வாரம் குளிக்கவே மறுத்தாள். நான் அவளைத் தனியே விட்டுவிட்டு ஆபீசுக்குப் போகப் பயந்து, சேர்த்து வைத்திருந்த விடுப்பெல்லாம் எடுத்தேன். கிணற்றுக்குக் கம்பி வலை போட்டேன். அவள் அதைப் பார்த்தாள், ஏன் என்று கேட்கவில்லை. ஐப்பசி கடைசியில் ஒருநாள் காபியில் சர்க்கரை தூக்கல் என்று குறை சொன்னாள். அவள் குறை சொல்லி ஓராண்டு ஆகியிருந்ததால் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த மாதங்களில் கிருத்திகைச் சமையலைத் தனி வீட்டில் இருந்த அண்ணன் செய்தார். மடப்பள்ளியில் லீவு சொல்லிவிட்டு வந்து எங்கள் வீட்டு அடுப்பில், எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் சமைத்தார். சமைத்து முடிக்கும் வரை பேசிக்கொண்டே இருப்பார். ஊரில் எந்தப் பொம்பளைக்குத்தான் நிற்கிற காலம் வரவில்லை என்பார். ரயில் கணக்கு எழுதியவன் சாமி கணக்கு எழுத வந்தால் இப்படித்தான் என்பார். அவள் அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். மாத்திரையைத் தொடங்கியவன் நான் என்பதால் எனக்குப் பதில் பேச வாய் இல்லை.

2003 தைக் கிருத்திகை. காவடிக்காரர்கள் முப்பத்தெட்டுப் பேர். மேலே கோயிலில் கூட்டம் அதிகம் என்று அண்ணனை விடவில்லை. பதினோரு மணி வரை அவர் வரவில்லை, பன்னிரண்டுக்கும் வரவில்லை. நான் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தேன். அப்போது அவள் எழுந்து வந்தாள். குளித்திருந்தாள். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு விறகை அடுக்கினாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த அடுப்பில் அவள் கை பட்டது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசினால் நின்றுவிடுவாளோ என்ற பயம். சாம்பாருக்கு உப்பு போட்டாள், நாக்கில் வைக்காமல் மணத்திலேயே சரிபார்த்தாள். பழைய ஆள் திரும்பி வந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே படபடப்பு.

எல்லாரும் மலையிலிருந்து இறங்கிக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். முப்பத்தெட்டு இலை போட்டாயிற்று. சாத அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னிக்கு எனக்கு ரெண்டாம் நாளு பாவா. மாத்திரை போடல."

நான் நோட்டு எழுதுவதை நிறுத்தியிருந்தேன். எனக்குத் தெரியாது.

"மறைச்சுப் போடமாட்டேன். நீ போய்ச் சொல்லிடு. வேணும்ன்றவங்களுக்குப் போடறேன், மிச்சத்தைக் கொட்டிடறேன். ஆனா மறுபடி தள்ளிப்போட மாட்டேன். உனக்கும் சரின்னா சரி, இல்லன்னா நான் நகரிக்குப் போறேன்."

அவள் அழவில்லை. என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். அந்தப் பார்வையைப் பார்த்து எவ்வளவு காலம் ஆகிறது என்று கணக்குப் போட எனக்கு அப்போது நேரம் இல்லை.

கூடத்து வாசலில் நின்று சொன்னேன். எந்த வார்த்தையில் சொன்னேன் என்று நினைவில்லை, குரல் பிசிறியது மட்டும் தெரியும். விரதம் இருந்து காவடி சுமந்து வந்தவர்களின் பசிக்கு முன்னால் நின்று இப்படிச் சொல்வதைவிடத் தண்டவாளத்துக்கு நடுவில் நிற்பது எளிது. கோடியில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாள், நகரிப் பக்கம் நடவு வேலை செய்பவர், முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்க வீட்ல அந்த மூணு நாளும் நாங்கதானே ஆக்கறோம், அதுக்கோசரம் முருகன் எங்க காவடிய வேணாம்னா சொன்னான்? பசிக்குது, போடச் சொல்லு நைனா," என்றார்.

பதினான்கு பேர் எழுந்துபோனார்கள். சண்டை போடவில்லை, கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். இருபத்துநான்கு பேர் இருந்தார்கள். இருபத்தைந்தாவது இலையில் நான் உட்கார்ந்தேன். அவள் எனக்குப் பரிமாறியபோது கை ஆடவில்லை. எனக்கு இன்றும் சாமிமேல் பயம் உண்டு. அன்று முதல் கவளத்தை விழுங்கும்போதும் பயம் இருந்தது. விழுங்கினேன்.

அண்ணன் ஒன்றரைக்கு வந்தார். வரும் வழியிலேயே எழுந்துபோனவர்களைப் பார்த்திருந்தார். வாசற்படி ஏறவில்லை. தெருவில் நின்று, இனி இந்தக் கடமை என் வீட்டில் நடக்காது, தன் வீட்டுக்கு எடுத்துப்போவதாகச் சொன்னார். தீட்டுப்பட்ட பாத்திரத்தில் ஒன்றும் வேண்டாம், புதுப் பாத்திரத்துக்கும் தீட்டுக் கழிப்பதற்கும் ஆகிற செலவு என்னுடையது என்றார். நான் மறுக்கவில்லை. அவள் உள்ளே இருந்து, கேட்டதைக் குடுத்துடு பாவா என்றாள். பிறகு பின்கட்டு அறைக்குப் போய், கதவைச் சாத்தாமல், பாயை விரித்துப் படுத்துத் தூங்கினாள். சாயங்காலம் ஐந்தரை வரை தூங்கினாள். இடையில் நான்கு முறை போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவளுக்கு இன்னும் மூன்று முறைதான் வந்தது, பிறகு இயல்பாக நின்றது. மனச்சோர்வு மாத்திரை பதினாறு மாதம் நடந்தது, டாக்டர் சொல்லித்தான் குறைத்தோம். இப்போதும் மழைக்காலத்தில் சில வாரம் அவள் குரல் இறங்கும். உடனே டாக்டரிடம் போவோம், நான் எதையும் வாங்கி வருவதில்லை. குடலுக்கும் மனதுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேப்பரில் ஏதாவது வந்தால் கத்தரித்து அவளிடம் கொடுக்கிறேன். படித்துவிட்டு, உன் ஆயிரத்து அறுநூத்தி முப்பத்திரெண்ட பேப்பர்காரங்ககிட்ட சொல்லலையா என்கிறாள்.

அண்ணனுக்குக் கொடுத்தது இது: புதிதாக வாங்கிய அண்டா, தவலை, கரண்டி என ஏழு உருப்படி, தீட்டுக் கழியப் புண்ணியாகவாசனம் செய்த ஐயர் இருவருக்குத் தட்சிணை, எழுந்துபோன பதினான்கு பேருக்கு அவர் வீட்டில் மறுபடி போட்ட சாப்பாடு, அவர்கள் நகரிக்குத் திரும்பிய பஸ் சார்ஜ். மொத்தம் ஒன்பதாயிரத்து எண்ணூற்று அறுபத்தைந்து ரூபாய்.